அம்மாவின் அளவு நாடா

2022 மார்ச் தொடக்கத்தில், பார்வையை அளந்து கண்ணாடி எழுதுகிற படிப்பான ஒப்டோமெட்ரியின் இரண்டாம் வருடத்தில், கண்ணுக்குள் ஒளி அடித்துப் பவரை அளக்கிற ரெட்டினோஸ்கோப்பிப் பிரக்டிகலில் நான் பெயிலானேன். மூன்று கிழமைக்கு வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் மகளை நேர்சரிக்கு வெளிக்கிடுத்திவிட்டு 155 பஸ்ஸில் பம்பலப்பிட்டிக்குப் போவேன், வருவேன், சமைப்பேன். எல்லோரும் படுத்த பிறகு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் ஏறாமல் உட்கார்ந்திருப்பேன். சொல்லாமல் விட்டதற்குக் காரணம் வெட்கம் மட்டும் இல்லை. அந்தப் படிப்புக்காக வீட்டில் எல்லோருமே ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்திருந்தார்கள். அம்மா தன் சீட்டுக் காசை எடுத்துத்தான் எனக்குப் பழைய ரெட்டினோஸ்கோப் ஒன்று வாங்கித் தந்தார்.

எங்கள் வீடு கொழும்பு கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையில் இருக்கிறது. அப்பா செட்டியார் தெருவில் ஒரு பட்டறையில் நகைவேலை செய்கிறார், முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அம்மா வீட்டிலிருந்து சட்டை தைத்துக் கொடுக்கிறார். இவர், என் கணவர், புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறார். தம்பியும் எங்களோடுதான். மகளுக்கு அப்போது மூன்று வயது.

உயர்தரம் முடித்ததும் நான் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஐந்து வருடம் கவுண்டரில் நின்றேன். பிரேம் எடுத்துக் காட்டுவது, மூக்கில் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, ரசீது போடுவது. ஒரு நாள் ஒரு ஐயா வந்து, “மகள், புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து படி இறங்க ஏலாம இருக்குது, தரை எழும்பி வாற மாதிரி இருக்குது” என்றார். கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று சொல்லச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். நானும் சொன்னேன். அவர் போன பிறகு எனக்கு அது உறுத்தியது. ஏன் தரை எழும்புகிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் ஒருவரைப் படி இறங்க அனுப்பிவிட்டேன். அந்த ஐயாவால்தான் நான் இருபத்தாறு வயதில், கைக்குழந்தையோடு, மறுபடி படிக்கப் போனேன்.

சொந்தக்காரர்கள் “கண் டொக்டருக்குப் படிக்கிறா” என்பார்கள். டொக்டர் இல்லை. பார்வையை அளந்து கண்ணாடி எழுதுவது, கண்ணில் நோயின் அடையாளம் தெரிந்தால் தாமதிக்காமல் கண் வைத்தியரிடம் அனுப்புவது, இதுதான் எங்கள் வேலை. இந்த எல்லை எனக்கு மனதில் தெளிவாக இருப்பதால்தான் கல்யாண வீட்டில் யாராவது என் முகத்துக்கு நேரே கண்ணை விரித்துக் காட்டினாலும் தடுமாறாமல் பதில் சொல்ல முடிகிறது. ஆனால் சில விஷயங்களை யார் எங்கே சொன்னாலும் காது கொடுப்பேன்: திடீரென்று பார்வை குறைந்தது, கண்ணுக்குள் மின்னல் அடிக்கிறது, கறுப்புப் புள்ளிகள் மழையாக விழுகின்றன, ஒரு பக்கத்தில் திரை இழுத்த மாதிரி இருக்கிறது, சிவந்து கடுமையாக வலிக்கிறது. இவற்றுக்கு நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சே இல்லை. அன்றைக்கே தேசியக் கண் வைத்தியசாலைக்குப் போகச் சொல்வேன், போனார்களா என்று இரவு போன் எடுத்தும் கேட்பேன்.

சரி, பெயிலான கதைக்கு வருகிறேன்.

அந்த மார்ச் எப்படி இருந்தது என்று இலங்கையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காஸ் இல்லை, பெற்றோல் வரிசை, டொலர் ஒவ்வொரு கிழமையும் ஏறிக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஒரு இரவு கரண்ட் போனதும் தம்பி மெழுகுதிரி ஏற்றி வைத்தான். ரிவி இல்லை, மிஷின் இல்லை, எல்லோரும் முன் அறையில் விசிறிக்கொண்டு சும்மா இருந்தோம். அம்மா, “பிரக்டிகல் முடிவு எப்ப வரும்?” என்று கேட்டார். இருட்டில் முகம் தெரியாதது எனக்கு உதவியது. “வந்துட்டுது அம்மா. பெயில்” என்றேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா, “எதிலே பெயில்? என்ன செய்யச் சொன்னவங்க?” என்றார். தைக்கிற ஆள் அல்லவா, எங்கே பிசகியது என்பதுதான் அவருக்கு முதலில் தெரிய வேண்டும்.

நான் விளங்கப்படுத்தினேன். ரெட்டினோஸ்கோப் என்பது ஒரு சின்ன விளக்கு. அதிலிருந்து வருகிற கோடு மாதிரியான ஒளியைக் கண்மணிக்குள் அடித்து மெல்ல அசைத்தால் உள்ளே செம்மஞ்சளாக ஓர் ஒளி திரும்பி வரும். நாங்கள் அசைக்கிற பக்கமே அதுவும் போனால் பிளஸ் வில்லை வைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் மைனஸ். வைத்துக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் அசைவே தெரியாமல் கண்மணி முழுவதும் ஒரே நேரத்தில் நிரம்பும். அந்த இடத்தில் நிற்கிற வில்லையிலிருந்து, நாங்கள் எவ்வளவு தூரத்தில் இருந்து பார்க்கிறோமோ அதற்கான கணக்கைக் கழித்தால் பவர் வந்துவிடும். 67 சென்ரிமீற்றரில் இருந்தால் 1.50 கழிக்க வேண்டும். 50இல் இருந்தால் 2.00. கண் பார்ப்பவர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் தேவையில்லை. அதனால்தான் பேசத் தெரியாத குழந்தைக்கும், மொழி தெரியாதவருக்கும், காது கேட்காதவருக்கும் இது கைகொடுக்கிறது.

“அப்ப இப்ப செய்து காட்டு. இருட்டுத்தானே” என்றார் அம்மா.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரெட்டினோஸ்கோப்பிக்கு வேண்டியதே இருட்டு அறைதான். கைப்பிடியில் சார்ஜ் இருந்தது. முன்வாசலிலிருந்து குசினிச் சுவர் வரை எங்கள் வீடு இருபது அடிக்குக் கொஞ்சம் குறைவு. தூரப் பார்வைக்குத் தேவையான ஆறு மீற்றர் கிட்டத்தட்ட அங்கேயே இருந்தது. தம்பி மெழுகுதிரியைக் குசினிக் கட்டில் கொண்டுபோய் வைத்தான். இவரை வாசல் பக்கம் கதிரையில் இருத்தி, என் தோளுக்கு மேலால் அந்தச் சுடரைப் பார்க்கச் சொன்னேன். வகுப்பில் இரவல் எடுத்து வந்த வில்லைப் பட்டைகளைப் பிடித்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினேன். இவருக்கு மைனஸ் 2.25 என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். எனக்கு வந்தது மைனஸ் 1.75. தம்பிக்கு மைனஸ் 3.25 வரவேண்டும். வந்தது 2.75.

அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “நீ தொடங்கேக்க தள்ளி இருந்தாய். இப்ப முகத்துக்குக் கிட்டப் போயிட்டாய்” என்றார். மிஷின் மேல் கிடந்த அளவு நாடாவை எடுத்து என் கண்ணிலிருந்து தம்பியின் கண் வரை பிடித்தார். போன் வெளிச்சத்தில் பார்த்து, “இருபது இஞ்சி” என்றார்.

இருபது இஞ்சி என்றால் 50 சென்ரிமீற்றர். நானோ 67 என்று நினைத்து 1.50 கழித்துக்கொண்டிருந்தேன். பரீட்சையில் ஒவ்வொரு கண்ணிலும் அரை டயொப்டர் (வில்லையின் பவரை அளக்கிற அலகு) பிளஸ் பக்கமாக நான் விட்ட பிழை அதுதான். பதற்றம் வந்தால் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று என்னை அறியாமலே முன்னுக்குச் சாய்கிறேன். மூன்று கிழமையாகப் புத்தகத்தில் தேடியதை அம்மா அஞ்சு நிமிடத்தில் நாடாவால் கண்டுபிடித்துவிட்டார். அன்றிரவே ஒரு பழைய கரைத் துணியில் இருபத்தாறரை இஞ்சிக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு முனையில் முடிச்சுப் போட்டுத் தந்தார். ஒரு முனை என் கன்னத்தில், மறுமுனை எதிரில் இருப்பவரின் நெற்றியோரம். அதை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன்.

அடுத்து வந்த மின்வெட்டு இரவுகள் எல்லாம் எனக்குப் பிரக்டிகல். ஒழுங்கையில் இருந்த பிள்ளைகள், நாங்கள் நெந்தா (சிங்களத்தில் மாமி) என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டுக்காரர், அவரின் மகன், தம்பியின் கூட்டாளிகள், எல்லோரும் வந்து கதிரையில் இருந்தார்கள். யாருக்கும் கண்ணாடி எழுதிக் கொடுக்கவில்லை, அது முறையும் இல்லை. அளந்ததைக் கொப்பியில் எழுதி, கண்ணாடி போட்டவர்களுடைய பவரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு இரவுக்கு இரண்டு பேர், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக மூன்று மணித்தியாலம் பழகுவதைவிட இது பத்து மடங்கு பலன் தந்தது. கைப்பழக்கம் என்பது நித்திரைக்கு முன் செய்ததை அடுத்த நாளும் நினைவு வைத்திருக்கிறது. மறுபரீட்சையில் பாஸானேன்.

இப்போது படிக்க வருகிறவர்கள், குடும்பத்தோடு எப்படிச் சமாளித்தீர்கள் அக்கா என்று கேட்பார்கள். நான் முதலில் இந்த இரவைத்தான் சொல்வேன். அதற்கு முன் ஒன்றரை வருடம் படிப்பை வீட்டாரின் கண்ணில் படாத ஒரு பொருளாக வைத்திருந்தேன். வீட்டு வேலை எல்லாம் முடித்து, யாருக்கும் தொந்தரவு இல்லாமல், களவாகப் படிப்பதுதான் பொறுப்பு என்று நினைத்தேன். அந்த இரவுக்குப் பிறகு அம்மா தேங்காய் துருவும்போது அவரிடமே பாடத்தைச் சொல்லிப் பார்ப்பேன். “கிட்டப் பார்க்கேக்க கண்ணுக்குள்ள இருக்கிற வில்லை தடிக்கும். வயசு போகப் போக அது இறுகி, தடிக்க ஏலாமல் போகும். அதுதான் வெள்ளெழுத்து” என்றால், “அப்ப கண்ணாடி போட்டால் அந்த வில்லை இன்னும் சோம்பேறியாகுமோ?” என்று கேட்பார். இல்லை, கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் அது இறுகத்தான் செய்யும் என்று சொல்ல எனக்குத் தெரிந்தது. ஏன் என்று அவர் விடாமல் கேட்டபோது தெரியவில்லை. போய்ப் படித்தேன். வைவாவில், வாய்மொழிப் பரீட்சையில், அதே கேள்வி வந்தது.

உதவி கேட்பதையும் மாற்றிக்கொண்டேன். முந்தி, “அம்மா, பிள்ளையைக் கொஞ்சம் பாருங்க” என்பேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மத்தியானம் தைக்க வேண்டிய சட்டை நின்றுவிடும், வாடிக்கைக்காரர் வந்து கோபிப்பார், அம்மா முகம் வாடும். பிறகு கிளினிக் நாட்களைக் கலண்டரில் சிவப்பால் வட்டம் போட்டேன். செவ்வாயும் வியாழனும் 12 மணிக்கு நேர்சரியிலிருந்து கூட்டி வருவது அம்மா, நான் வீட்டுக்கு வருவது 4.30. சனி முழு நாளும் பிள்ளை இவரின் பொறுப்பு. அந்த நேரங்களில் அம்மா தையல் எடுக்க மாட்டார். அதற்குப் பதிலாக திங்களும் புதனும் குசினி முழுவதும் என்னுடையது. இப்படி மணிக்கணக்காகப் பேசியது ஆரம்பத்தில் ஒரு மாதிரி இருந்தது, சொந்தத் தாயோடு ஒப்பந்தம் போடுகிற மாதிரி. ஆனால் அதன் பிறகு வீட்டில் சண்டை குறைந்தது.

எல்லாம் அப்படிச் சரிவரவில்லை. மூன்றாம் வருடப் பரீட்சை ஆடிவேல் திருவிழா நேரத்தில் வந்தது. செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து தேர் பம்பலப்பிட்டிக்கு வெளிக்கிடுவதை நான் சின்ன வயதிலிருந்து ஒரு வருடமும் விட்டதில்லை. அந்த முறை வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கொன்டக்ற் லென்ஸ் பாடத்தோடு இருந்தேன். அப்பாவின் தோளில் ஏறித் தேர் பார்த்துவிட்டு வந்த மகள் வாய் ஓயாமல் கதை சொன்னாள். அந்தக் கவலைக்கு என்னிடம் ஒரு வழியும் இல்லை. சிலது போகத்தான் போகும்.

கிளினிக்கைப் பற்றி இரண்டு மூன்று விஷயங்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

முதலாவது மொழி. கொழும்பில் கண் பார்க்க வருபவர்களில் பெரும்பாலானவர்கள் சிங்களம் பேசுகிறவர்கள். எனக்குக் கடைத்தெருச் சிங்களம் தெரியும். ஆனால் பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கிற சிங்களமும் வயதான ஓர் அம்மாவின் கண்ணுக்கு முன்னால் நின்று பேசுகிற சிங்களமும் ஒன்றல்ல. நெந்தாவிடம் போய்ப் பதினைந்து வசனம் எழுதி வாங்கினேன். “துர பலன்ன” (தூரப் பாருங்கள்), “எஸ் தெக்கம அரகென இன்ன” (இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருங்கள்), “மேகத ஹொந்த, மேகத?” (இதுவா நல்லது, இதுவா?) என்று. ஒவ்வொன்றையும் எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்றும் அவர்தான் காட்டித் தந்தார். “கட்டளை மாதிரிச் சொல்லாதே மகள், அவங்க பயந்துதான் வந்திருப்பாங்க” என்றார்.

வசனம் தெரிந்தபிறகும் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு வில்லையை மாற்றி மாற்றிக் காட்டி எது நல்லது என்று கேட்டால், வயதானவர்கள் பலர் “தெக்கம ஹொந்தய்”, இரண்டும் நல்லது, என்பார்கள். தமிழர்களும் அப்படித்தான், “ரெண்டும் நல்லாத்தான் இருக்குது பிள்ளை”. நம் மனம் நோகக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் சொல்வது அது. அதை நம்பி மைனஸைக் கூட்டிக்கொண்டு போனால் தலையிடி தருகிற கண்ணாடிதான் கிடைக்கும். ஆகவே நான் கேள்வியை மாற்றினேன். “எழுத்து தெளியுதா, இல்லாட்டி சின்னதாகிக் கறுக்குதா?” மைனஸ் தேவைக்கு மேல் போகும்போது எழுத்து சுருங்கி, கறுத்து, பார்க்க நன்றாக இருக்கிற மாதிரித் தெரியும், ஆனால் கீழ் வரியை வாசிக்கச் சொன்னால் வாசிக்க முடியாது. இந்தக் கேள்விக்கு “ரெண்டும்” என்று பதில் சொல்ல முடியாது. அவர்கள் ஒரு கணம் நின்று பார்க்கிறார்கள். பார்ப்பதுதான் நமக்கு வேண்டும்.

ஒரு சனிக்கிழமை ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். எனக்கு முன் பார்த்தவர் சிங்களத்தில் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டியிருக்கிறார். நான் “வாங்கம்மா, இப்படி இருங்க” என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடியற்காலையில் பஸ் ஏறியது, மருமகளுக்கு லீவு கிடைக்காதது, கொழுந்து எடுக்கும்போது கண் கூசுவது எல்லாவற்றையும் கொட்டினார். பார்வை மாறி மாறி வருகிறது என்றும், போன மாதம்தான் சீனி வருத்தம் என்று சொல்லி மருந்து தொடங்கியதாகவும் கதையோடு கதையாக வந்தது. இரத்தத்தில் சீனி ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் கூடவே மாறும். அன்றைக்கு அளந்து கண்ணாடி கொடுத்தால் சீனி கட்டுக்குள் வந்ததும் அந்தக் கண்ணாடி உதவாது. அவர் காசும் போய்விடும். மேற்பார்வையாளரிடம் சொன்னேன், விழித்திரையைப் பார்க்கக் கண் வைத்தியரிடம் அனுப்பினோம், கண்ணாடியைத் தள்ளிப்போட்டோம். படிவத்தில் நாலு கேள்விக்குத்தான் இடம் இருக்கிறது. அந்த அம்மாவின் விடை ஐந்தாவது கேள்வியில் இருந்தது.

இரண்டாவது, பதிவுப் புத்தகம். பார்த்த நோயாளர்களை எழுதி மேற்பார்வையாளரின் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். கிழமைக் கடைசியில் சேர்த்து வாங்கலாம் என்று விட்டதில், ஒருவர் வெளிநாடு போய்விட, பதினாலு பேரின் பதிவு எனக்குக் கணக்கில் சேரவில்லை. பதினாலு பேரையும் திரும்பப் பார்த்தேன். பிள்ளை இருக்கிற ஒருத்திக்கு அது இரண்டு மாதச் சனிக்கிழமைகள்.

மூன்றாவதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. மகளுக்கு 102 காய்ச்சல். இரவு முழுக்க நித்திரை இல்லை. வருகை குறைந்துவிடும் என்ற பயத்தில் காலையில் கிளினிக்குப் போனேன். ஓர் இளம் பெண்ணுக்கு இரண்டு கண்ணிலும் சிலிண்டர், அதாவது ஒரு குறிப்பிட்ட அச்சில் வைக்க வேண்டிய பவர், இருந்தது. வலக் கண்ணின் பவரையும் அச்சையும் இடக் கண்ணின் கட்டத்தில் எழுதினேன். இடதை வலதில் எழுதினேன். மேற்பார்வையாளர் சோதனைப் பிரேமில் திரும்பப் போட்டுப் பார்த்ததால் பிடிபட்டது. அவர் ஏசவில்லை. “வீட்டில் ஏதும் பிரச்சினையா?” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு பழக்கம். எழுதியதை நோயாளருக்கு முன்னாலேயே, வலது முதலில், வாய்விட்டு வாசிப்பேன். நித்திரை இல்லாத நாளில் காலையிலேயே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுவேன். அன்றைக்கு நோயாளரின் ஆரம்ப விபரம் எடுப்பது, கண்ணின் அழுத்தம் எழுதி வைப்பது போன்ற வேலைகளைத் தருவார்கள். சொன்னதற்காக யாரும் என்னைக் குறைவாக மதித்ததில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு அப்பாவைப் பற்றி எழுதாமல் விட முடியாது.

மின்வெட்டு இரவுகளில் ஊரில் எல்லோரும் வந்து இருந்த கதிரையில் அப்பா மட்டும் இருக்கவில்லை. களைத்து வருவார், சாப்பிட்டுப் படுத்துவிடுவார். “எனக்குத்தான் கண்ணாடி இருக்குதே மகள்” என்பார். அது புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய பிளஸ் 2.50 வாசிப்புக் கண்ணாடி. நானும் வற்புறுத்தவில்லை. யார் யாருடைய கண்ணையோ அளந்தேன், என்னை வளர்த்தவரின் கண்ணை இரண்டு வருடம் அளக்கவில்லை. இது எனக்கு இப்போதும் மனதில் நிற்கிறது.

2024இல் ஒரு நாள் அம்மா இரகசியமாகச் சொன்னார்: அப்பா கல் வைத்த மோதிரம் ஒன்று கல் கழன்று திரும்பி வந்ததாம். அடுத்த மாதம் இன்னொன்று. அப்பா யாரிடமும் சொல்லவில்லை. நான் கேட்டபோது, “கண் பிழையில்லை மகள். கைதான் முந்தி மாதிரி இல்லை” என்றார். அப்படிச் சொல்லும்போது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கிளினிக்குக் கூட்டிப் போனேன். தூரப் பார்வை 6/6, அதாவது குறை இல்லை. கண்ணின் அழுத்தம் சரி. அந்தப் பழைய கண்ணாடியோடு வாசிப்பு அட்டையைக் கொடுத்தால் ஆகச் சின்ன எழுத்தையும் வாசித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது. அப்போ உண்மையிலேயே கைதானா? அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. விடியப்புறம் அம்மாவின் மிஷினைப் பார்த்தபோது அந்த நாடா தொங்கிக்கொண்டிருந்தது. வாசிப்பு அட்டையை நாங்கள் பிடிப்பது 40 சென்ரிமீற்றரில். அப்பா மோதிரத்தை எங்கே பிடிக்கிறார்?

ஞாயிறு காலை நாடாவை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். சின்ன வயதில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்த அதே மேசை. அதில் அரை வட்டமாக வெட்டின இடம், விழுகிற தங்கப் பொடியைப் பிடிக்க மடியில் கட்டின தோல், கரிக்கட்டி, ஊதுகுழல், சாவணம். “நான் இருக்கிறதைப் பார்க்காதீங்க அப்பா, வழமை போல வேலையைச் செய்யுங்க” என்றேன். ஐந்து நிமிடத்தில் என்னை மறந்துவிட்டார். ஒரு மோதிரத்தில் கல்லைப் பிடிக்கிற நகங்களைக் கல்லின் மேல் ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினார். கழுத்து கீழே இறங்கியது. மூச்சு நின்றது. தள்ளுகோலை வைக்கிறார், எடுக்கிறார், திரும்ப வைக்கிறார். ஒரு நகத்துக்கு மூன்று முறை. பிறகு மோதிரத்தைக் கையெட்டுத் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், திரும்பவும் கிட்டக் கொண்டுவந்தார். அந்தக் கணத்தில் நாடாவைப் பிடித்தேன். கண்ணிலிருந்து மோதிரம் வரை எட்டே முக்கால் இஞ்சி. 22 சென்ரிமீற்றர்.

கணக்கு லேசானது. 22 சென்ரிமீற்றரில் தெளிவாகப் பார்க்க நாலரை டயொப்டர் வேண்டும். 58 வயதில் கண் தன்பாட்டில் தரக்கூடியது ஒரு டயொப்டர் வந்தால் பெரிய விஷயம். 2.50 கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இருக்கிற பலமெல்லாம் கொடுத்துப் பார்த்தாலும் 28 சென்ரிமீற்றருக்குக் கிட்டத் தெளிவு வராது. அதற்குள் அப்பா தடவித்தான் வேலை செய்திருக்கிறார். கல்லைச் சோதிக்க ஒற்றைக் கண் பூதக்கண்ணாடி வைத்திருந்தார். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது அதைப் பிடிக்க முடியாது. முப்பது வருடம் கையே கண்ணாக இருந்ததால்தான் இரண்டு மோதிரத்தோடு போயிற்று.

மேற்பார்வையாளரோடு பேசி, வேலைக்கென்று தனியாகப் பிளஸ் 4.00 அரைக் கண்ணாடி செய்வித்தேன். ஒரு விஷயத்தைக் கண்ணாடி வெட்டுபவருக்கு எழுதியே கொடுத்தேன். அவ்வளவு கிட்டப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் நன்றாக உள்ளே திரும்பும். தூரம் பார்க்கும்போது அப்பாவின் கண்மணிகளுக்கு இடையில் 64 மில்லிமீற்றர். 22 சென்ரிமீற்றரில் வில்லைகளின் நடுவு 57க்கு வரவேண்டும். வழமையான வாசிப்புக் கண்ணாடி மாதிரி மூன்று மில்லிமீற்றர் மட்டும் குறைத்தால் கொஞ்ச நேரத்தில் கண் இழுத்து வலிக்கும். கவுண்டரில் நின்ற அந்த ஐந்து வருடத்தில் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்தக் கண்ணாடியில் கிட்டத்தட்ட 20இலிருந்து 25 சென்ரிமீற்றர் வரைக்கும்தான் தெளிவு, அதற்கு அப்பால் எல்லாம் மங்கல், இதைப் போட்டுக்கொண்டு எழும்பி நடக்கக்கூடாது என்று இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தேன். மேசை விளக்கை வலப் பக்கத்திலிருந்து இடப் பக்கம் மாற்றினேன். வலக் கையின் நிழல்தான் அதுவரை மோதிரத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

அப்பா கண்ணாடியைப் போட்டு ஒரு மோதிரத்தை எடுத்தார். நகத்தின் மேல் தள்ளுகோலை வைத்தார், மடக்கினார். அடுத்ததை மடக்கினார். நாலும் முடியும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு மோதிரத்தை ஒரு துணியில் துடைத்து என்னிடம் நீட்டினார், ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்து மேசையில் இருந்தவரைக் காட்டி, “இவனுக்கும் இதே மாதிரி ஒண்டு செய்து குடு மகள், இவனும் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் இருக்கிறான்” என்றார்.

“அவருக்கு வேற தூரமா இருக்கும் அப்பா” என்றேன். அவர் தரையில் காலை மடித்து இருந்து, மடிமேல் பலகை வைத்துச் சங்கிலி கோர்ப்பவர். “முதல்ல அவர் வேலை செய்யிற மாதிரி இருக்கட்டும், அளந்து பார்க்கிறேன்” என்று சொல்லி, நாடாவை விரித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன்.